அகஸ்ரீனா பிடித்துக்கொண்டு நின்ற துவக்கு

துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவள் அகஸ்ரீனா. அப்படிப்பட்டவள் ஒரு துவக்கைக் கையால் தொட நேர்ந்தது இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், ஒரு பணக்கார வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

அவள் மன்னார்ப் பக்கம், பேசாலையைச் சேர்ந்தவள். புருஷன் ஏர்னஸ்ற் முதலில் வந்து மொந்தெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலைக்குச் சேர்ந்தான். தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் அவளும் வந்துவிட்டாள். போர்கோ வெக்கியோவில் ஒரு அறை எடுத்து இருந்தார்கள். அவளுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று சனம் சொல்லும். அதில் பொய்யில்லை. ஒருமுறை பழுதான மத்தியை நல்லதென்று தலையில் கட்டிய மீன்காரனிடம் திரும்பிப் போய், பொதியை அவனுடைய பனிக்கட்டி மேலேயே கொட்டிவிட்டு வந்தவள் அவள். ஆனால் காரணமில்லாமல் அவள் கோபப்பட்டதை ஒருவரும் கண்டதில்லை.

பொலித்தேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில் அவளுக்கு வேலை. வீட்டுக்காரர் சிஞ்ஞோர் வித்தோரியோ, காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சிஞ்ஞோரா ஒர்நெல்லா. சிஞ்ஞோரா நல்லவள் என்றுதான் அகஸ்ரீனா எல்லோருக்கும் சொல்லிவந்தாள். கோப்பியைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பாள். வருகிற சிநேகிதிகளிடம், பெயரை இத்தாலியன் வாய்க்கு வளைத்து, "அகோஸ்தீனா வேலைக்காரி இல்லை, எங்கட குடும்பத்திலை ஒராள்" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அகஸ்ரீனாவுக்கு உள்ளுக்குள் குளிரும்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் சிஞ்ஞோர் வித்தோரியோ பர்த்தினிக்கோவில் இருந்த தகப்பனின் பழைய தோட்டவீட்டை விற்றார். அங்கிருந்து வந்த சாமான்களோடு, கம்பளியில் சுற்றி ஒரு கட்டையான துவக்கும் வந்தது. நாற்பத்து மூன்றில் அமெரிக்க ஆமி சிசிலியில் இறங்கியபோது யாரோ ஒரு சிப்பாய் விட்டுப்போன கார்பைன் அது. தகப்பன் அதைக் களஞ்சியத்தில் ஒளித்து வைத்திருந்தாராம். சிஞ்ஞோர் அதைப் பதியவும் இல்லை, ஒருவருக்கும் அறிவிக்கவும் இல்லை. அதொன்றும் அகஸ்ரீனாவுக்குத் தெரியாது. பணக்கார வீடுகளில் சுவரில் வாளும் தொங்கும், மான்தலையும் தொங்கும். இதுவும் அப்படி ஒன்றென்று நினைத்தாள். அது இருந்த அறையைக் கூட்டும்போது மட்டும் அந்த மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டினாள்.

துவக்கில் ஒரு குறை இருந்தது. சுடும்போது குழல் சூடேறிக் கையைச் சுட்டுவிடாமல் இருக்க, குழலின் மேல் ஒரு மரத்துண்டைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கொப்ரிகன்னா என்று சிஞ்ஞோர் அதைச் சொல்வார். அந்த மேல்மரம் வெடித்து, யாரோ எப்போதோ வேறு மரத்தால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். சிஞ்ஞோருக்கு அது பொறுக்கவில்லை. ஏதோ சஞ்சிகையில் வந்த படத்தை வெட்டி வைத்துக்கொண்டு, சிப்பாய்கள் கரையிறங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று நின்றார். ஆகப் பழைய மோஸ்தரில் இரண்டு றிவெற் ஆணிதான் இருக்குமாம். பிறகு வந்ததில் நாலு. அவருக்கு இரண்டுதான் வேண்டும்.

கபோச் சந்தையின் பின்பக்கச் சந்தில் பழைய இராணுவச் சாமான்கள் விற்கிற ஒருத்தி இருந்தாள். பெயர் சரீனா. இரும்புத் தொப்பி, தண்ணீர்ப் போத்தல், துருப்பிடித்த கத்தி உறை, பித்தளைப் பொத்தான் எல்லாம் அவளுடைய கடையில் குவிந்து கிடக்கும். சிஞ்ஞோருக்குக் கபோவுக்குள் கால்வைப்பது மதிப்பில்லை. அகஸ்ரீனாவைத்தான் அனுப்பினார்.

"மரத்துண்டுதானே அகோஸ்தீனா. கத்தரிக்காய் வாங்கப் போற வழியிலை வாங்கிக்கொண்டு வா."

அவள் வாங்கி, பேப்பரில் சுற்றி, கத்தரிக்காயோடு கொண்டுவந்து கொடுத்தாள். நாலு ஆணி. சிஞ்ஞோருக்கு முகம் சிவந்துபோயிற்று. மதிப்பைப் பாராமல் தானே கபோவுக்குப் போனார். அகஸ்ரீனா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். மீன்காரரும் மரக்கறிக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சரீனாவைக் கள்ளி என்றார், எழுத்தறிவில்லாத கழுதை என்றார். சரீனா சிகரெட்டை ஒருமுறை இழுத்துவிட்டு, "வடக்கிலை பழைய மாதிரியிலேயே புதுசாச் செய்யிறாங்கள். எடுப்பிச்சுத் தாறன்" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும்போது அகஸ்ரீனாவுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

புது மேல்மரம் வந்துசேர்ந்தது. அக்ரூட் மரம், உள்ளே மெல்லிய தகடு, இரண்டே இரண்டு றிவெற். அன்றைக்குச் சிஞ்ஞோர் சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினார். சாப்பாட்டு மேசையில் கம்பளியை விரித்துத் துவக்கைக் கிடத்தினார்.

"அகோஸ்தீனா, வந்து இதைப் பிடி."

"எனக்கு வேண்டாம் சிஞ்ஞோர். சிஞ்ஞோராவைக் கூப்பிடுங்கோ."

"அவளுக்குக் கை நடுங்கும். உங்கட ஆக்களுக்கு இது பழக்கம்தானே?"

அகஸ்ரீனா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எங்கட ஆக்களுக்குப் பழக்கமானது இதுக்குப் பயந்து ஓடுறது, சிஞ்ஞோர்."

அவர் அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டு சிரித்தார். துவக்கின் பிடங்கு, அந்த அடிக்கட்டை, அசையாமல் அவள் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரும்பு குளிர்ந்து கிடந்தது. சிஞ்ஞோர் முன்பக்கத்து இரும்பு வளையத்தின் ஆணியைத் தளர்த்தி, வளையத்தை முன்னுக்குத் தள்ளி, ஒட்டுப்போட்ட பழைய மரத்தைக் கழற்றினார். புதியது நேரே இருக்க மறுத்தது. பின்பக்கத்து நாக்கு காடிக்குள் ஏறவில்லை. அரம் எடுத்து ராவினார், வைத்துப் பார்த்தார், திரும்ப ராவினார். மரத்தூள் அவளுடைய மணிக்கட்டெல்லாம் படிந்தது. கடைசியில் நாக்கு டக்கென்று காடியில் போய் விழ, வளையத்தைப் பின்னுக்கு இழுத்து ஆணியை இறுக்கினார். பிறகு அக்ரூட் நிறச் சாயம் பூசி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்தார். வீடு முழுக்க அந்த வாசம். அகஸ்ரீனா குளியலறைக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். கழுவியும் மனம் ஆறாமல் பிளீச்சை ஊற்றித் திரும்பவும் கழுவினாள்.

அந்தக் கிழமையே அது நடந்தது.

முந்தின வருஷம் மாஃபியா வைத்த குண்டுகள் வெடித்த பிறகு நகரம் முழுக்க ஆமி நின்றது. தலைமறைவாயிருந்த யாரையோ தேடிப் பொலிஸ் தெருத்தெருவாகச் சோதித்துக்கொண்டு வந்தது. ஒரு காலைநேரம் அந்த மாடிவீட்டு வாசலுக்கும் வந்தார்கள். சிஞ்ஞோர் பல்கனியிலிருந்து அவர்களைக் கண்டார். அகஸ்ரீனா அப்போது குசினியில் இருந்தாள். நடைக்கூடத்தில் அவர் அவசரமாக நடக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அதற்குமேல் அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

பொலிஸ் உள்ளே வந்ததும் அகஸ்ரீனாவின் கை தானாக வேலை செய்தது. மன்னாரில் ஆமி சோதனைக்கு வந்தால் கேட்கும் முன்னரே எல்லா அலுமாரியையும் திறந்துவிட வேண்டும். மூடிக்கிடக்கிற கதவைக் கண்டால் அவர்களுக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் அடி விழும். அந்தப் பழக்கத்தில் அவள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனாள். "பாருங்கோ, பாருங்கோ" என்றாள். நடைக்கூடத்து முடிவில் விளக்குமாறும் வாளியும் அவளுடைய ஏப்ரனும் வைக்கிற சின்ன அறை. அதையும் திறந்தாள். தரை துடைக்கிற தடிகளுக்கு நடுவில், எண்ணெய் மினுமினுக்க, கார்பைன் சாய்ந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் துவக்கையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "இது ஆற்றை?"

சிஞ்ஞோர் வித்தோரியோ யோசிக்கவே இல்லை. "அந்த அறை இவளின்ரை. நாங்கள் அதுக்குள்ளை போறதில்லை. இவையின்ர நாட்டிலை சண்டை, தெரியும்தானே. எங்கையிருந்து கொண்டுவந்தாளோ, ஆருக்குக் குடுக்க வைச்சிருந்தாளோ. கடவுளே, எங்கட வீட்டுக்குள்ளை!"

அகஸ்ரீனாவுக்கு முதலில் விளங்கவில்லை. தன் இத்தாலியனில்தான் பிழையென்று நினைத்தாள். விளங்கியபோது சிஞ்ஞோரைப் பார்க்கவில்லை, சிஞ்ஞோராவைத்தான் பார்த்தாள். துவக்கைப் பூட்டின அன்றைக்கு அந்த மேசையைக் கடந்து போய்வந்தவள் அவள். எண்ணெய் வாசம் தலையிடிக்கிறதென்று யன்னலைத் திறந்தவளும் அவள்தான்.

"சிஞ்ஞோரா," என்றாள். "நீங்கள் சொல்லுங்கோ."

சிஞ்ஞோரா ஒர்நெல்லா தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

பொலிஸ் நிலையத்தில் அகஸ்ரீனாவை ஒரு வாங்கில் இருத்தினார்கள். மொழிபெயர்க்கப் பத்மநாதனைக் கூப்பிட்டிருந்தார்கள். பேர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அலுவல்களுக்குக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்கு வருகிற தமிழருக்குக் கதைத்து உதவுகிறவர் அவர். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சை பாரும் தங்கச்சி. அந்தாள் பெரிய இடம். அவரைப் பொய்யன் எண்டு சொன்னால் எங்கை போய் முடியுமோ தெரியாது. குப்பையிலை கிடந்தது, என்னவெண்டு தெரியாமல் எடுத்து வைச்சன் எண்டு சொல்லும். பொம்பிளை எண்டு இரங்கி விட்டிடுவாங்கள். இல்லாட்டி உம்மடை பேர்மெஸ்ஸோ போகும், புருஷன்ரையும் போகும். எங்கட சனம் முழுக்கவுமெல்லோ கெட்ட பேர்."

அகஸ்ரீனாவுக்குச் சிஞ்ஞோர் சொன்னதைவிட இது எரிந்தது.

"அண்ணை, நான் சொன்னதை நீங்கள் அவருக்குச் சொன்னனீங்களோ?"

"பொறும், அதைத்தான் எப்பிடிச் சொல்லுறது எண்டு..."

"நான் சொன்னதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டவை. உங்கட புத்தியைச் சேர்த்துச் சொல்ல இல்லை. எடுத்து வைக்காத நான் ஏன் எடுத்து வைச்சன் எண்டு சொல்லவேணும்? எங்கட சனத்துக்குக் கெட்ட பேரோ? நான் ஓம் எண்டால்தான் கெட்ட பேர். நாளைக்கு இஞ்சை எந்த வீட்டிலை என்ன துலைஞ்சாலும், என்ன அம்பிட்டாலும், தமிழன் செய்தது எண்டு சொல்லுறதுக்கு என்ரை வாயாலையே வழி வெட்டிக் குடுக்கச் சொல்லுறியளோ?"

பத்மநாதன் சுற்றிவரப் பார்த்தார். "சத்தம் போடாதையும்."

"போடுவன்." அவள் எழும்பி இன்ஸ்பெக்டரின் மேசைக்கு நேரே வந்துவிட்டாள். சந்தையிலும் குசினியிலும் படித்த இத்தாலியன்தான் அவளுடையது. பாதி சிசிலியன், வினைச்சொல் எல்லாம் உடைந்து கிடக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு சொல்லுக்கும் அவள் தடுமாறவில்லை. துவக்கு தோட்டவீட்டிலிருந்து வந்ததைச் சொன்னாள். தான் மேசையில் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள். "என்ரை கை அதிலை பட்டதுதான். பிடியெண்டு சொன்னவர், பிடிச்சனான். அதின்ரை மேல்மரம் புதிசு. கபோவிலை சரீனாட்டை வாங்கினது. அவவைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. சந்தையிலை நிண்ட எல்லாரையும் கேளுங்கோ!"

இன்ஸ்பெக்டர் சோர்ந்த முகமுள்ள மனிதர். துவக்கைத் திருப்பிப் பார்த்தார், மேல்மரத்தை மணந்து பார்த்தார். பிறகு ஒரு பொலிஸ்காரனைக் கபோவுக்கு அனுப்பினார்.

சரீனா வந்தாள். வாசலிலேயே கையை விரித்தாள். "எனக்கு ஒண்டும் தெரியாது. நான் ஒருத்தரையும் காணேல்லை. ஆயிரம் பேர் வருவினம், போவினம்." சந்தைக்காரர் பொலிசுக்குச் சொல்கிற வழக்கமான பதில்தான் அது. அகஸ்ரீனாவை அவள் பார்க்கவே இல்லை.

"காணேல்லையோ?" என்று அகஸ்ரீனா கத்தினாள். "என்னைக் காணேல்லை எண்டு சொல்லு, பரவாயில்லை, என்னை ஒருத்தரும்தான் காணுறேல்லை. உன்னைக் கழுதை எண்டவரையும் காணேல்லையோ? அத்தனை பேருக்கு முன்னாலை உன்னைக் கள்ளி எண்டவர். நான் பக்கத்திலை நிண்டனான். எனக்கு ரத்தம் கொதிச்சது. உனக்குக் கொதிக்கேல்லையோ?"

சரீனா மேசையிலிருந்த துவக்கைப் பார்த்தாள். மேல்மரத்தின் இரண்டு ஆணியையும் விரலால் தடவினாள்.

"ரெண்டு ஆணி," என்றாள். "ரெண்டு ஆணிக்காக என்னை நாயிலும் கேவலமாப் பேசின மனுசன்." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "மரத்துண்டு விக்கிறது குற்றமோ? இல்லைத்தானே. அப்ப எழுதுங்கோ. இதை நான்தான் வித்தனான். வாங்கினது அந்தக் காப்புறுதிக்காரக் கிழவன். முந்திக் குடுத்ததை வேண்டாமெண்டு தானே வந்து என்ரை முகத்திலை எறிஞ்சவன். இந்தப் பொம்பிளை பை தூக்கிக்கொண்டு பின்னாலை நிண்டவள், அவ்வளவுதான். மீன்காரரையும் கூட்டிக்கொண்டு வாறன், வேணுமெண்டால்."

சிஞ்ஞோர் வித்தோரியோவை அழைப்பித்தார்கள். வக்கீலோடு வந்தார். சாயம் இன்னும் போகாத விரல்களை மடித்து வைத்துக்கொண்டு, பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்றார். தகப்பனுடைய ஞாபகப்பொருள் என்றார். பொழுதுபடும் முன்னர் அகஸ்ரீனாவைப் போகச் சொன்னார்கள். பத்மநாதன் கூடவே வாசல்வரை வந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது தங்கச்சி" என்றார். அவள் திரும்பிப் பாராமல் படியிறங்கினாள்.

பதியாத துவக்கு வைத்திருந்ததற்காக அவர்மேல் வழக்கு வந்தது. அது இழுபட்டு, தண்டனை ஒத்திவைக்கப்பட்டு, ஒரு பொழுதுகூட அவர் உள்ளே இருக்கவில்லை. ஒரு அப்பாவிப் பெண்ணின் தலையில் பழியைப் போட்டாரே, அதைப் பற்றி அவரிடம் யாரும் வாய்திறந்து கேட்கவில்லை. அகஸ்ரீனாவின் வயிறு எரிந்தது அதற்குத்தான்.

தன்னுடைய செருப்பையும் ஏப்ரனையும், விளக்குமாற்று அறைச் சுவரில் ஒட்டியிருந்த மடுமாதா படத்தையும் எடுக்க அவள் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனாள். சிஞ்ஞோராதான் கதவைத் திறந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அகோஸ்தீனா, நல்லகாலம் வந்தாய். அவர் பயந்துபோனார், அவ்வளவுதான். வயசு போன மனுசன். திங்கட்கிழமை வா, எல்லாத்தையும் மறந்திடுவம். நீ எங்கட குடும்பத்திலை ஒராளெல்லோ."

அகஸ்ரீனா சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டில் நின்றாள். அந்தப் படிக்கட்டில் மெல்லக் கதைத்தாலே எல்லா மாடிக்கும் கேட்கும். அவள் மெல்லக் கதைக்கவில்லை.

"குடும்பமோ? குடும்பத்திலை ஒராளையோ பொலிசுக்குப் பிடிச்சுக் குடுத்தனீங்கள்? உங்கட துவக்கையும் நான் பிடிக்கவேணும், உங்கட குற்றத்தையும் நான் சுமக்கவேணுமோ? அவர் பயந்தார் எண்டுறியள். சரி, அவர் பயத்திலை சொன்னார். நீங்கள் என்னத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனீங்கள்? என்ரை ஊரிலை துவக்கோடை வந்தவங்கள் என்னைத் தங்கட ஆள் எண்டு சொல்லேல்லை, சிஞ்ஞோரா. சொல்லிப்போட்டுச் செய்தது நீங்கள்தான்!"

மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது. கீழ்மாடியில் இன்னொன்று. காவல்காரக் கிழவி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள். சிஞ்ஞோரா கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

வேறு வேலை கிடைக்கச் சுணங்கியது. பொலிஸ் பிடித்துக்கொண்டு போனவள் என்ற கதை முந்திக்கொண்டு போயிருந்தது. விட்டுவிட்ட கதை அவ்வளவு தூரம் போகவில்லை. ஏர்னஸ்ற் ஒருநாளும் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால், "கொஞ்சம் தணிஞ்சு போனால் என்ன?" என்று இடைக்கிடை முனகுவான். கடைசியில் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில், நடக்க ஏலாத ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையைப் பார்க்கிற வேலை கிடைத்தது. முதல்நாளே முழுக்கதையையும் தானே சொல்லிவிட்டாள். அந்த மனுஷி கேட்டுவிட்டு, சிஞ்ஞோர் வித்தோரியோவை ஒரு நல்ல சிசிலியன் தூஷணத்தால் திட்டினாள். அகஸ்ரீனா அந்த வேலையிலேயே நிலைத்துவிட்டாள்.

அடுத்த வருஷத்துத் தவக்காலத்தில், பொலித்தேயாமாவுக்குக் கிட்ட ஒரு பெரிய கோயிலில் தமிழ்ப் பாடகர் குழுவைப் பாட அழைத்திருந்தார்கள். அகஸ்ரீனாவும் ஏர்னஸ்ற்றும் முன்வாங்கில் நின்றார்கள். சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லிக் குருவானவர் கையை விரித்தபோது, சனம் ஒருவருக்கொருவர் கைகொடுத்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழும்பி நடுவழியால் வந்தாள். சிஞ்ஞோரா ஒர்நெல்லா. மெலிந்திருந்தாள். கையை நீட்டி, "பாச்சே, அகோஸ்தீனா" என்றாள்.

அகஸ்ரீனா வாங்கில் வைத்த கையை எடுக்கவில்லை. ஏர்னஸ்ற் முழங்கையால் இடித்தான்.

"அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, சிஞ்ஞோரா," என்றாள். "எனக்குச் செய்தது பிழை எண்டு ரெண்டு பேரும் வாயாலை சொல்லுங்கோ. பிறகு தாறன் கை."

சிஞ்ஞோராவின் கை கொஞ்சநேரம் காற்றில் நின்றது. பிறகு இறங்கியது. பாட்டு தொடங்கியதும் அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

வெளியே படியில் இறங்கும்போது ஏர்னஸ்ற்றால் பொறுக்க முடியவில்லை. "கோயிலுக்குள்ளையுமோ அகஸ்ரீனா?"

"கோயில் எண்டபடியால்தான் மெல்லமாச் சொன்னனான்," என்றாள் அவள்.